ஐஸ் தண்ணீரில் ஒரு கை

பதினோராவது நாளும் அவர் பேசவில்லை.

பேசவில்லை என்றால் அடியோடு ஊமையாகிவிட்டார் என்று அர்த்தமில்லை. 'ம்' உண்டு. 'சரி' உண்டு. 'அப்புறம் பார்க்கலாம்' உண்டு. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் பதினோரு நாளை ஓட்டிவிட முடியும் என்பது, கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

பதினோரு நாளுக்கு முன்னால் பனிமூட்டத்தில் ஆற்றுக்கு நடுவே நடந்ததுதான் காரணம். அக்கரைக்கும் இக்கரைக்குமாக வண்டிகளையும் ஜனங்களையும் ஏற்றிப்போகும் பெரிய படகை ஓட்டுகிறவர் அவர். பன்னிரண்டு நிமிஷப் பயணம்தான். ஆனாலும் படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் 'கேப்டன்'. முதலில் கேலியாக ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகி, இப்போது மரியாதையாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் படகின் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை. அன்றைக்குக் குறுக்கே ஒரு சின்னத் தோணி வந்தது. தோணி இரண்டாகப் பிளந்தது. தண்ணீரில் விழுந்த தோணிக்காரரைக் குதித்து இழுத்து வந்தவன் அவளுடைய தம்பி. அதே படகில் கயிறு கட்டுகிறவன். தோணிக்காரர் உயிர் பிழைத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

விசாரணை இன்று மாலை நான்கு மணிக்கு முடிகிறது. என்ன எழுதப் போகிறார்கள் என்பது துறையில் டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். படகு முறைப்படி சங்கு ஊதியது, தோணிக்காரர் அதைக் கேட்டும் தப்பான பக்கம் திரும்பினார், தப்பு அவருடையது. தோணிக்காரரே, 'சங்கு கேட்டுத்தான் ஒதுங்கினேன்' என்று படுக்கையிலிருந்து சொல்லியிருக்கிறார். அப்புறம் என்ன? கேப்டன் நிம்மதியாகத் தூங்க வேண்டியதுதானே. ஆனால் மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

அவளோ பேசித்தான் மூச்சு விடுகிறவள். கவலை என்று ஒன்று வந்தால் அதை நாலு பேரிடம் பிய்த்துக் கொடுத்து, மிச்சத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். வெளியூரில் படிக்கிற மகளிடம் போனில் சொன்னாள். எதிர்வீட்டு டீச்சரிடம் சொன்னாள். தம்பியிடம் தினமும் சொன்னாள். தம்பிக்கு 'கெண்டை' என்று பெயர். சின்ன வயசில் தண்ணீரில் இறங்கினால் கையில் அகப்பட மாட்டான் என்பதால் அவளே வைத்த பெயர். முப்பது வயசாகியும் போகவில்லை. "தவளைதான் தன் வாயால கெடும் அக்கா. அத்தான் தவளை இல்ல, விடு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

அன்று காலையும் பனி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின்பக்கக் கொட்டகை கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே எரிந்த பல்பு மட்டும் துணிக்குள் பொதிந்து வைத்த விளக்கு மாதிரி மங்கலாக மிதந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை அவர் மூன்றாவது முறையாகப் பிரித்துப் போட்டிருந்தார்.

அவள் காபியோடு போய் நின்றாள். மாலைக்கு எந்தச் சட்டை, தானும் வரட்டுமா, மகள் கேட்டாளே என்ன சொல்வது, ராத்திரி ஏன் ரெண்டு தடவை எழுந்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள். கிடைத்தது இரண்டு 'ம்', ஒரு 'அப்புறம் பார்க்கலாம்'.

கடைசியில், "என்கிட்டகூட சொல்ல முடியாத அளவுக்கு அப்படி என்னங்க?" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கிறவர் மாதிரி இருந்தது அந்தப் பார்வை. உதடு பிரிந்தது. ஒரு வார்த்தை வரப்போகிற மாதிரிதான் இருந்தது. அந்த இரண்டு நொடி வெறுமையை அவளால் தாங்க முடியவில்லை. "சரி விடுங்க, காபி ஆறிடப்போகுது" என்று சொல்லிவிட்டாள்.

உதடு மூடிக்கொண்டது.

வேலைக்கு நடந்து போகிற வழியெல்லாம் அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். தெரு முழுக்க வெள்ளை. எதிரே வருகிறவர்கள் முதலில் செருப்புச் சத்தமாக வந்தார்கள், அப்புறம் நிழலாக, அப்புறம்தான் மனிதர்களாக. ஒரு சைக்கிள் மணி எங்கேயோ வலப்பக்கம் ஒலித்தது. சைக்கிள் இடப்பக்கமாகக் கடந்து போனது. இந்த ஊரே இன்னும் எழுந்திருக்கவில்லை, தான்தான் அதன் கனவுக்குள் நடந்துபோகிறோம் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வேலை செய்கிற ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில். ஜன்னலுக்கு வெளியே மரமும் இல்லை, கட்டிடமும் இல்லை. அறை மட்டும் தனியாக மேகத்தில் நிற்கிற மாதிரி இருந்தது.

அங்கே நடக்கிற ஆராய்ச்சி, கேட்டால் சிரிப்பு வரும். ஒரு ஆணோ பெண்ணோ வந்து உட்கார வேண்டியது. ஐஸ் மிதக்கிற தண்ணீரில் மணிக்கட்டு வரை கையை வைக்க வேண்டியது. மூன்று நிமிஷம்வரை வைத்திருக்கலாம். வலி தாங்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். கைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்புக்கு அது தெரியாது. ஏதோ ஆபத்து என்று அது தன் சுரப்புகளை எல்லாம் தட்டி எழுப்பிவிடும். அவற்றின் அளவு எச்சிலில் தெரியும். கை வைக்கும் முன்னும் பின்னும் சின்னக் குழாயில் எச்சில் பிடித்துப் பெயருக்குப் பதில் எண் ஒட்டுவது அவள் வேலை.

இன்னொரு வேலையும் உண்டு. சிலருக்குப் பக்கத்தில் துணையாக உட்கார வேண்டும். துணை இருவகை. பேசித் தைரியம் சொல்கிற துணை ஒன்று. வாயே திறக்காமல் வெறுமனே உட்கார்ந்திருக்கிற துணை இன்னொன்று. கை வைத்திருப்பவர் பேசலாம், புலம்பலாம், திட்டலாம். பேசாத் துணை மட்டும் மூச்சுக் காட்டக் கூடாது. யாருக்கு எந்தத் துணை பலன் தருகிறது, ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் வித்தியாசம் உண்டா என்பதுதான் பேராசிரியையின் கேள்வி.

அவளைப் பேசாத் துணையாக உட்கார வைத்ததை வீட்டில் சொன்னபோது கெண்டை விழுந்து விழுந்து சிரித்தான். அவர் சிரித்தாரா என்று அவள் கவனிக்கவில்லை.

பேராசிரியை எந்நேரமும் ஸ்வெட்டரும் காதில் செருகின பென்சிலுமாக இருப்பவர். அன்று காலை ஐஸ் கொட்டிக்கொண்டே அவள் அவரிடம் கேட்டேவிட்டாள். ஆம்பளைகள் உடம்பே அப்படித்தானா மேடம்? மனசு கனத்தால் கதவைச் சாத்திக்கொள்வார்களா? நமக்கு மட்டும் ஏன் நாலு பேர் தேவைப்படுகிறது?

பேராசிரியை தொட்டியில் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். சில சோதனைகளில் ஆண்களுக்கு அந்தச் சுரப்பு கொஞ்சம் வேகமாக ஏறுகிறது, பெண்கள் கஷ்டத்தில் துணையைத் தேடுவது கூடுதலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்தான். உடம்பு பாதி, வளர்ப்பு பாதி, எது எவ்வளவு என்று யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். பிறகு பென்சிலை எடுத்து அவளைச் சுட்டிக்காட்டினார்.

"ஆனா ஒண்ணு. நாங்க எழுதறதெல்லாம் சராசரி. இந்தக் கதவு வழியா சராசரின்னு ஒரு ஆள் இதுவரைக்கும் வந்ததே இல்லம்மா."

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. இருபத்தேழாம் எண், ஆண், நாற்பதிலிருந்து ஐம்பது வயசு, துணை: பேசாத் துணை. தாளில் அவ்வளவுதான் இருந்தது.

உள்ளே வந்தவர் அவள் வீட்டுக்காரர்.

விசாரணைக்கு எடுத்துவைத்திருந்த வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் இன்னும் கிரீஸ். முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்துக்கு வந்தவர் மாதிரி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பேராசிரியை ஒப்புதல் தாளை நீட்டினார். வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நிமிஷமே அவள் சொல்லியிருக்க வேண்டும். மேடம், இவர் என் புருஷன், இது செல்லாது என்று. நாக்கு நுனிவரை வந்தது. அவர் அவளைப் பார்த்தார். காலையில் கொட்டகையில் பார்த்த அதே பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எச்சில் குழாயைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷம் ஆற்றையே கட்டி ஆண்டவர், ஒரு சின்னக் குழாயை நிரப்பத் திண்டாடினார். வேறொரு நாளாக இருந்தால் அவள் சிரித்தே செத்திருப்பாள். பேராசிரியை கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அங்கே பேச்சு கேட்காது. கடிகாரத்தின் பொத்தானை அழுத்தியதும் அவர் கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

முதல் அரை நிமிஷம் ஐஸ் கட்டிகள் கண்ணாடித் தொட்டியில் மெல்ல இடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பனி அழகா இருந்துச்சு" என்றார் அவர்.

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா பனியில ஓட்டறேன். பனின்னா எனக்கு எரிச்சல்தான். அன்னைக்கு என்னமோ திடீர்னு அதைப் பார்த்தேன். ஆறும் இல்ல, கரையும் இல்ல. படகு ஓடுதா நிக்குதான்னே தெரியல. செத்துப்போனா இப்படித்தான் இருக்குமோ, இருந்தா நல்லாத்தான் இருக்கும்னு நினைச்சேன். நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

ஒரு நிமிஷம். கை சிவக்கத் தொடங்கியது. பெரும்பாலானவர்கள் எடுத்துவிடுகிற நேரம் இது. அவர் எடுக்கவில்லை.

"பனியில ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சங்கு ஊதணும். நான் ஊதல. நாலு நிமிஷம் ஊதல. சங்குக் கயிறு என் தலைக்கு மேலேயே தொங்கிக்கிட்டு இருக்கு."

அவள் நெஞ்சுக்குள் வார்த்தைகள் முட்டிமோதிக்கொண்டு எழுந்தன. யாராக இருந்தாலும் மறக்கத்தானே செய்வார்கள். நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள். அந்தத் தோணிக்காரருக்குக் கண்ணில்லையா. இதற்கா பதினோரு நாள் சாப்பிடாமல் கிடந்தீர்கள். எல்லாம் ஆறுதல் வார்த்தைகள். இதில் எந்த ஒன்றைச் சொல்லியிருந்தாலும் அவர் 'ம்' என்றிருப்பார். அத்தோடு அந்தக் கதவு சாத்தியிருக்கும். இருபது வருஷமாக எத்தனை கதவுகள் அப்படிச் சாத்தியிருக்கும் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள்.

பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பி சங்கு கேட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கான். எனக்காகப் பொய் சொல்லியிருக்கான். என்கிட்ட கேட்டப்ப நானும் 'ம்'னுட்டேன். தோணிக்காரர் பாவம், மருந்து மயக்கத்துல கிடக்கார். அவர்கிட்ட சங்கு கேட்டுச்சான்னு கேட்டிருப்பாங்க, ஆமான்னு சொல்லியிருப்பார். இப்ப தப்பு அவர் தலையில. இனிமே அவரை ஆத்துல விட மாட்டாங்க."

இரண்டு நிமிஷம். அவர் குரல் லேசாக நடுங்கியது. குளிரினாலா என்று தெரியவில்லை.

"சாயங்காலம் உண்மையைச் சொல்லிடணும்னு இருக்கேன். சொன்னா என் வேலை போகும். அது போகட்டும். உன் தம்பி பொய்ச்சாட்சி சொன்னவன்னு ஆயிடுவான். அவனையும் அனுப்பிடுவாங்க. அவனை நீ எப்படி வளர்த்தேன்னு எனக்குத் தெரியும். அதான் உன்கிட்ட வாய் வரல."

அதன்பிறகு அவர் பேசவில்லை. அவளும் பேசவில்லை. கடைசி முக்கால் நிமிஷம் இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மெல்ல நகர்ந்தது; அறைதான் நகர்கிறதோ என்று மயக்கமாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் பேசாமல் அவர் பக்கத்தில் தான் உட்கார்ந்ததே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவருடைய மூச்சுக்கு ஒரு சத்தம் இருந்தது. அதையும் இப்போதுதான் கேட்டாள்.

மணி அடித்தது. "கையை எடுங்க" என்றாள். விதிப்படி அவள் சொல்லக்கூடிய ஒரே வார்த்தை அது.

அவருக்குக் கை எடுக்க வரவில்லை. அவள்தான் எடுத்தாள். துண்டில் சுற்றித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது விதியில் இல்லை. பேராசிரியை உள்ளே வந்து பார்த்துவிட்டு, தெரிந்தவரா என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரர் மேடம்."

பேராசிரியை காதிலிருந்து பென்சிலை எடுத்து இருபத்தேழாம் எண்ணை ஒரே கோடாக அடித்தார். இந்த எச்சில் இனி ஆராய்ச்சிக்கு உதவாது, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, மீதி நாளுக்கு லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

தாழ்வாரத்தில் அவர் கை கொஞ்சம் சூடு பிடித்தபிறகு, ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டாள்.

"நீதானே சொன்னே. இங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கறவங்க பேசக் கூடாதுன்னு."

அடி வாங்கின மாதிரி இருந்தது. உடனே இன்னொன்றும் தோன்றியது. அதை அவள் சொல்லி நாலு மாசம் இருக்கும். ஆயிரத்தெட்டுப் பேச்சுக்கு நடுவே, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னது. சுவரோடு பேசுகிறோம் என்று அவள் சலித்துக்கொண்ட இத்தனை காலமும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

துறைக்கு நடந்தார்கள். மதியம் தாண்டியும் பனி முழுசாக விலகவில்லை. சூரியன் மேகத்துக்குள் வெள்ளி நாணயம் மாதிரி இருந்தது. ஆறு அதற்கடியில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அலுவலகப் படிக்கட்டின் அடியில் அவர் நின்றார். சொல்லட்டுமா என்று வாயால் கேட்கவில்லை. ஆனால் அவர் நின்ற விதமே கேள்விதான்.

கெண்டையை அவள் நினைத்துப் பார்த்தாள். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு. அவள்தான் தலை துவட்டிவிட்டாள், பள்ளிக்கூடத்தில் போய்த் தலைகுனிந்து நின்றாள். எந்த வேலையிலும் ஆறு மாசம் தரிக்காதவன், அத்தான் சேர்த்துவிட்ட இந்தப் படகில் மட்டும் ஐந்து வருஷமாக நிலைத்திருக்கிறான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது அவன் முகத்தில் ஒரு களை வரும். அதைப் பிடுங்கத்தான் அவர் இப்போது சம்மதம் கேட்கிறார்.

இன்னொரு பக்கம், முகம்கூடத் தெரியாத ஒரு தோணிக்காரர் படுத்துக்கிடக்கிறார். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள். பதினோரு நாளாக அவளும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

"சொல்லிடுங்க" என்றாள். "தம்பிகிட்ட நான் பேசிக்கறேன்."

அவர் மேலே ஏறினார். கதவு சாத்திக்கொண்டது.

கெண்டை படகு மேடையில் இரும்புத் தூணில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும், அதிசயமாக இருக்கிறதே, ஆய்வுக்கூடத்தில் ஐஸ் தீர்ந்துவிட்டதா என்றான். அவள் சுற்றி வளைக்கவில்லை. அத்தான் அன்றைக்குச் சங்கு ஊதவே இல்லை என்றும், அதை இப்போது மேலே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாள்.

இன்னும் நிறையச் சொல்லத்தான் நினைத்திருந்தாள். ஏன்டா பொய் எழுதினாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, இனி என்ன செய்யப்போகிறாய். எல்லாம் வரிசையாக நின்றன. அவள் அவற்றை உள்ளேயே நிற்க வைத்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து அவன் பக்கத்தில் பேசாமல் நின்றாள்.

அவன் சிரித்தான். அத்தானுக்குப் பனி தலைக்கேறிவிட்டது என்றான். அவள் பேசவில்லை. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம், விடிகிறபோது விடியட்டும் என்றான். அவள் பேசவில்லை. மெல்ல அவன் சிரிப்பு வற்றியது.

"அப்ப நான் எழுதிக் கொடுத்தது பொய்யா? நான் எதுக்கு அக்கா பொய் சொல்றேன்? நிஜமாத்தான் கேட்டேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"சத்தியமா. தோணி இடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. நீளமா ஒரு சங்கு. அத்தான்தான் ஊதறார்னு நினைச்சு..."

பாதியில் நின்றான். கயிறு கையிலேயே இருந்தது. ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, வெள்ளைதான்.

"நம்ம சங்கு ஊதினா நான் நிக்கற இடத்துல நெஞ்சு அதிரும் அக்கா. பல்லு கூசும். தினமும் அப்படித்தான்." குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு அதிரல. காதுல மட்டும்தான் கேட்டுச்சு. இடது பக்கமா, கொஞ்சம் தள்ளி. பனியில சத்தம் இடம் மாறித்தான் கேக்கும், அதான் நான் அதைப் பத்தி யோசிக்கவே இல்ல."

சங்கு கேட்டுத்தான் ஒதுங்கினேன். தோணிக்காரர் சொன்னது. மயக்கத்தில் உளறவில்லை அவர். இடது பக்கம் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. அதிலிருந்து விலகித்தான், சத்தமில்லாமல் வந்த இந்தப் படகின் குறுக்கே திரும்பியிருக்கிறார்.

அப்படியானால் அந்தப் பனிக்குள் அன்றைக்கு இன்னொரு படகு இருந்திருக்கிறது. தோணி பிளந்த சத்தம் அதற்கும் கேட்டிருக்கும். ஒரு மனுஷன் தண்ணீரில் அலறினதும் கேட்டிருக்கும். அது நிற்காமல் போயிருக்கிறது. பதினோரு நாளாக யாரும் வந்து சொல்லவும் இல்லை.

அத்தான் இதைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையா என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. தம்பி ஏன் பொய் சொன்னான் என்று அவர் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருக்க, இவன் அவரைச் சிரிக்கவைக்கத் தினம் ஒரு ஜோக் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரே படகில் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு.

அவள் படிக்கட்டை நோக்கி ஓடினாள். பாதிப் படியில் மேலே கதவு திறந்தது.

அவர் வெளியே வந்தார். முகம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டாயிற்று என்றார். இன்றிலிருந்து படகு கிடையாது. மேற்கொண்டு என்ன என்பதை அடுத்த மாசம் சொல்வார்களாம். அவர் குரலில் துக்கம் இல்லை. படியிலேயே உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

பிறகு பேச ஆரம்பித்தார். எழுதும்போது கை நடுங்காதது ஆச்சரியம் என்றார். அதிகாரி தண்ணீர் கொடுத்தார், அதிலும் ஐஸ் மிதந்தது என்று சொல்லிச் சிரித்தார். நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோணிக்காரரைப் பார்க்க வேண்டும், நீயும் வா என்றார். முதல்முதலாகப் படகை எடுத்த நாளைப் பற்றிச் சொன்னார். அப்போது எவ்வளவு பயந்தார் என்பதைச் சொன்னார். இருபது வருஷத்தில் அவள் கேட்டேயிராத கதை அது.

பனி ஆற்றின் மேல் தங்க நிறமாக மாறிக்கொண்டிருந்தது. அக்கரை விளக்குகள் ஒன்றிரண்டு எரிந்தன. தண்ணீரில் தொங்குகிறதா, வானத்தில் தொங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை.

சொல்லியாக வேண்டும். சொன்னால் இந்த முகம் மறுபடி மாறிவிடும். கேள்விகள் வரும், கோபம் வரும், அந்த இன்னொரு படகைத் தேடிக்கொண்டு மனசு அலையும். ஊதாதது ஊதாததுதான், அந்தத் தப்பு இல்லாமல் போய்விடாது. ஆனால் மொத்தப் பாரமும் அவர் ஒருவர் தோளுக்கு உரியதல்ல. அது அவருக்குத் தெரிய வேண்டும். இன்னும் ஐந்து நிமிஷம் கழித்துத் தெரிந்தால் என்ன என்று அவள் தனக்குள்ளேயே பேரம் பேசினாள்.

"என்ன, நீ ஒண்ணுமே பேச மாட்டேங்கறே?" என்றார் அவர்.

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவள் அவருடைய கையைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். கெண்டை கயிற்றைத் தூணில் மாட்டிவிட்டு, பனிக்குள்ளிருந்து படிக்கட்டை நோக்கி வேகவேகமாக வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பே இல்லை.